ஒரே வீட்டில் இரண்டு ஓய்வுநாள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய பீனிக்ஸிலிருந்து ஒரு தங்கை கேட்ட கேள்விக்கு இது பதில். அவர் நாகர்கோவில் பக்கம் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணமாகி டர்பனுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. கணவர் இங்கேயே பிறந்த தமிழர், பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் அவர் ஏழாம் நாள் அட்வெந்து சபையில் சேர்ந்து, வெள்ளி சாயங்காலம் முதல் சனி சாயங்காலம் வரை ஓய்வுநாள் ஆசரிக்கத் தொடங்கிவிட்டார். மாமியார் பழைய சபையை விடவில்லை. நாத்தனார் கத்தோலிக்கரைக் கட்டியவர். தங்கை ஆங்கிலிக்கன் கோயிலுக்குப் போகிறார்.

எது மெய்யான ஓய்வுநாள்? ஒரே வீட்டில் இரண்டையும் உண்மையாய் ஆசரிக்க முடியுமா? சனிக்கிழமை பையனைப் பள்ளிக்கூட மேட்சுக்கு அனுப்பலாமா? கணவருக்கு வேலையில் சனிக்கிழமை லீவு தரமாட்டேன் என்கிறார்களே, என்ன செய்வது? இவைதான் அவருடைய கேள்விகள். எல்லாம் முடிந்தபிறகு போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "சனிக்கிழமை அவருக்கும் சேர்த்து நானே செய்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் மாமியார் வீட்டாருக்கெல்லாம் பிரியாணி, எனக்கு ஏழு நாளும் ஒன்றுதான் அண்ணாச்சி."

தங்கச்சி, என் பதில் அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான். ஆனால் முதல் கேள்வியைத் தொடாமல் போனால் "அண்ணாச்சி நழுவுகிறார்" என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வார். அதனால் அதை முதலில் பேசிவிடுகிறேன்.

நான் ஞாயிறு ஆசரிக்கிறவன். திருநெல்வேலிச் சீமை நாசரேத்துப் பக்கம் பிறந்தேன், இங்கே வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதைச் சொல்லிவிட்டே சொல்கிறேன்: வேதத்தில் ஓய்வுநாள் என்றால் அது சனிக்கிழமைதான். இதில் தகராறுக்கு இடமே இல்லை. பத்துக் கட்டளையில் நாலாவது கட்டளை சொல்லும் ஏழாம் நாள், யூதர்கள் இன்றுவரை வெள்ளி அஸ்தமனத்தில் தொடங்கும் அதே நாள். இயேசுவானவர் ஜெப ஆலயத்துக்குப் போனதும் அந்த நாளில்தான். ஸ்பானிய, போர்த்துக்கீசிய மொழிகளில் சனிக்கிழமைக்கு இன்றைக்கும் சபாத்து என்ற சொல்லின் திரிபுதான் பெயர். நம் தமிழில் ஒரு கிரகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டதால் நமக்கு அது உறைக்கவில்லை. "ஞாயிறுதான் சபாத்து, கிறிஸ்து நாளை மாற்றிவிட்டார்" என்று எங்கள் ஊர்ப் போதகர் ஐயர் ஒருவர் பிரசங்கம் செய்ததைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு வசனம் புதிய ஏற்பாட்டில் கிடையாது.

அதே நேரம், உங்கள் வீட்டுக்காரர் சபையில் சிலர் சொல்வதுபோல, "கான்ஸ்டன்டைன் ராஜா சனியை ஞாயிறாக்கிவிட்டான்" என்பதும் சரியாகாது. அவன் 321ஆம் வருடம் மார்ச் மாதம் போட்ட உத்தரவு, பட்டணத்து நீதிமன்றங்களும் பட்டறைகளும் சூரியனுடைய நாளில் மூடவேண்டும் என்பது. விவசாயிகளுக்கு விலக்கு கொடுத்தான். விதைக்கிற பருவம் தப்பிவிடக்கூடாதாம். அதற்கு நூற்றெழுபது வருடத்துக்கு முன்பே, சுமார் 150இல், ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி ரோமாபுரியில் எழுதிவைத்திருக்கிறார்: கிறிஸ்தவர்கள் சூரியனுடைய நாளில் கூடுகிறார்கள், ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள் அது என்பதால். துரோவா பட்டணத்தில் வாரத்தின் முதல்நாளில் அப்பம் பிட்கக் கூடினதை அப்போஸ்தலர் நடபடிகளே சொல்கிறது. ஆகக் கூடிவருகிற நாளாக ஞாயிறு பழையது, மிகப் பழையது. வேலை நிறுத்துகிற நாளாக ஞாயிறு வந்ததுதான் பிற்பாடு. ரோம ராஜ்யத்தில் வாழ்ந்த அடிமைக்கு ஞாயிறு லீவு யார் கொடுப்பார்? அவன் விடியற்காலையில் ஜெபித்துவிட்டு வேலைக்குத்தான் போயிருப்பான்.

நடுவில் நடந்ததைத்தான் இரண்டு பக்கத்தாரும் பேசுவதில்லை. பல நூற்றாண்டு சபையார் இரண்டு நாளையும் வைத்துக்கொண்டிருந்தார்கள். சாக்ரடீஸ் என்றொரு சபை வரலாற்றாசிரியர் 5ஆம் நூற்றாண்டில் எழுதுகிறார்: உலகத்தில் ஏறக்குறைய எல்லாச் சபைகளும் ஓய்வுநாளிலும் திருவிருந்து ஆசரிக்கின்றன, அலெக்சாந்திரியாவும் ரோமும் மட்டும் அந்த வழக்கத்தை விட்டுவிட்டன என்று. அதற்கு முன்பே லவோதிக்கேயாவில் கூடிய சபைச் சங்கம், "சனிக்கிழமை சும்மா இருக்காதே, வேலை செய்" என்று விதி போட்டிருக்கிறது. ஜனங்கள் சும்மா இருந்ததால்தானே விதி தேவைப்பட்டது. எத்தியோப்பிய சபை இன்றைக்கும் இரண்டு நாளையும் கனப்படுத்துகிறது. ஆகவே இரண்டு ஓய்வுநாள் உள்ள வீடு உங்களுடையது மட்டும் என்று நினைத்துக் கலங்க வேண்டாம்.

நம் தமிழ் மண்ணிலும் இது புதிதில்லை. எங்கள் நாசரேத்துக்குப் பக்கத்தில் பிரகாசபுரம் என்று ஊர். அங்கே சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம், மிஷனரி துரைமாரோடு முறித்துக்கொண்டு 1857இல் தனிச் சபை கண்டார். வெள்ளைக்காரனின் வழக்கம் எதுவும் வேண்டாம் என்று பழைய ஏற்பாட்டைத் துருவிப் பார்த்து, சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்தார். அட்வெந்து மிஷனரிகள் திருநெல்வேலிச் சீமைக்கு வருவதற்கு ஏறக்குறைய ஐம்பது வருடம் முன்பு! என் தாத்தா காலத்தில் ஒரே தெருவில் சனிக்கிழமைக்காரரும் ஞாயிற்றுக்கிழமைக்காரரும் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டுதான் இருந்தார்கள். சண்டையும் போட்டார்கள், அதை மறைப்பானேன்.

இந்தத் தேசத்துக் கதையும் அப்படித்தான். கிம்பர்லி வைர வயல் பக்கம், வெசல்ஸ், ஃபான் டிரூட்டன் என்ற இரண்டு டச்சுக்கார விவசாயிகள் 1880களில் தாங்களாகவே வேதத்தைப் படித்து சனிக்கிழமைக்கு வந்து சேர்ந்தார்கள். தங்களைப்போல ஆசரிக்கிறவர்கள் அமெரிக்காவில் இருப்பது வைரம் தேட வந்த ஒரு ஆளின் மூலமாகத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. ஐம்பது பவுன் சேர்த்து அனுப்பி ஊழியக்காரரைக் கேட்டார்கள்; 1887இல் ஊழியக்காரர்கள் கப்பல் ஏறி வந்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் சபையின் வேர் இந்த நாட்டில் அது.

சனிக்கிழமையைப் பார்க்க நீங்கள் அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். பீனிக்ஸுக்கு ஒட்டினாற்போல இனாண்டா. சனிக்கிழமை காலையில் வெள்ளை அங்கி போட்ட ஜூலு ஜனங்கள் ஆணும் பெண்ணுமாகச் சாலையோரம் நடந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். ஏசாயா ஷெம்பே 1910 வாக்கில் தொடங்கிய நசரேத்து பாப்டிஸ்ட் சபையார் அவர்கள். திறந்த வெளியில், வெள்ளைக் கல் வைத்து எல்லை போட்ட இடத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருகிறார்கள். சபாத்து என்றால் அவர்களுக்குச் சனிக்கிழமைதான். இத்தனைக்கும் ஜூலு மொழியில் ஞாயிறுக்கும் சர்ச்சுக்கும் ஒரே சொல், இசோன்டோ. அது டச்சுக்காரரின் ஞாயிறு என்ற சொல்லிலிருந்து வந்தது. யாருடைய கையில் அதிகாரம் இருந்ததோ அவருடைய நாள் மொழிக்குள்ளேயே ஏறிவிட்டது.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன்.

ஓய்வுநாள் கட்டளை வேதத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. யாத்திராகமத்தில் சொல்லும் காரணம், கர்த்தர் ஆறு நாளில் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்தார் என்பது. உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் காரணம் வேறு. எகிப்திலே நீ அடிமையாயிருந்தாய், உன்னைக் கர்த்தர் அங்கிருந்து புறப்படப்பண்ணினார், அதை நினை. அதற்கு முந்தின வசனம் யாரெல்லாம் வேலை செய்யக்கூடாது என்று பெயர் பெயராகச் சொல்கிறது: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலில் இருக்கிற அந்நியன். வேலைக்காரனும் வேலைக்காரியும் "உன்னைப்போல" இளைப்பாறவேண்டும் என்று முடிகிறது. அந்த "உன்னைப்போல" என்ற ஒரு சொல்லில்தான் நான் இருபது வருடமாகச் சிக்கிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஊர்த் தமிழருக்கு எகிப்து எதுவென்று தெரியாதா? உங்கள் மாமியாரின் பாட்டன் பாட்டி யாராவது கிர்மிட்டில், அதாவது கூலி ஒப்பந்தத்தில், வந்தவர்களாய்த்தான் இருப்பார்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து வந்து டர்பனில் நின்றது முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத்தில் வந்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங் சம்பளம், அரிசி, பருப்பு, கருவாடு. வாரத்துக்கு ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஞாயிறு ஓய்வு என்று காகிதத்தில் இருந்தது. காகிதத்தில் இருந்ததே தவிர, கரும்பு வெட்டும் பருவத்தில் ஆலை ஓடும்போது ஞாயிறாவது கிஞாயிறாவது! ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்குகிறார்கள் என்பது அந்தக் காலத்துக் கூலிகள் சொன்ன முறைப்பாடுகளில் ஒன்று. வேலை வாங்கின தோட்டத்துரை ஞாயிறு காலையில் குதிரைவண்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய் நாலாவது கட்டளையை வாய்விட்டுச் சொல்லியிருப்பான். நாளைப் பொறுத்தமட்டில் அவன் ஒரு பிழையும் செய்யவில்லை.

இதோடு ஒட்டின ஒன்று சொல்கிறேன், கொஞ்சம் விலகிப்போனாலும். டர்பன் பக்கத்து இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஏன் பெரிய வெள்ளி வாரத்தில் கூட்டம் அலைமோதுகிறது என்று நம்மூரிலிருந்து புதிதாய் வருகிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். தோட்டத்துரை ஈஸ்டருக்குத்தான் சேர்ந்தாற்போல் லீவு விட்டான், அதனால் அந்த நாளை அம்மனுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்துக்களானாலும் கிறிஸ்தவர்களானாலும், நம்மவர்களுக்கு நாள் வானத்திலிருந்து இறங்கவில்லை. கிடைத்த லீவைப் பரிசுத்தமாக்கினார்கள். நான் அதை மட்டமாக நினைக்கவில்லை.

என் சொந்தக் குற்றத்தையும் சொல்லிவிடவேண்டும். எங்கள் ஊரில் ஆச்சி ஞாயிற்றுக்கிழமை கிணற்றில் தண்ணீர்கூட இறைக்கமாட்டாள். கடைக்குக் காசு கொடுத்து அனுப்பமாட்டாள். சனிக்கிழமை ராத்திரியே அரைத்து, நறுக்கி, ஆக்கி வைத்துவிடுவாள். எவ்வளவு பக்தி என்று ஊரே சொல்லும். ஆனால் ஞாயிறு மத்தியானம் பாத்திரத்தையெல்லாம் பின்கட்டில் உட்கார்ந்து தேய்த்தது வேலைக்கு வந்த ஒரு சிறுபெண். எனக்கு அது தப்பாகத் தோன்றவே இல்லை. தோன்றாமலே இந்தத் தேசத்துக்கு வந்தேன்.

இங்கே ஒரு மொத்தவியாபாரக் கிடங்கில் வேலை முறை போடுகிற பொறுப்பு எனக்கு இருந்தது. ஞாயிறு வந்தால் எனக்கு லீவு வேண்டும் என்பதில் கண்டிப்பாய் இருப்பேன். எங்களிடம் ஒரு ஜூலு பெரியவர் பார்வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். ஷெம்பே சபைக்காரர். அவர் இரண்டு தடவை என்னிடம் வந்து, சனிக்கிழமை தவிர எந்த நாள் வேண்டுமானாலும், ராத்திரி வேலை வேண்டுமானாலும் போடுங்கள் என்று கேட்டார். "எல்லாரும் இப்படிக் கேட்டால் கிடங்கு எப்படி ஓடும்" என்று சொல்லி சனிக்கிழமையே போட்டேன். மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை. வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு நான் கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வாசித்தது எந்த வசனம் என்று நினைவில்லை. நன்றாக இருக்கும் என்பதற்காக உபாகமம் என்று சொல்லமாட்டேன். எனக்கு உறைத்தது பல மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை இனாண்டா சாலையில் அந்த வெள்ளை அங்கிக் கூட்டம் கடப்பதற்காக வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருந்தபோது.

அதற்குப் பிறகு கிடங்கில் நான் செய்தது எளிய காரியம். முதலிலேயே செய்திருக்கலாம். சனிக்கிழமைக்காரர் ஞாயிறு வருவார், ஞாயிற்றுக்கிழமைக்காரர் சனி வருவார். ஒருத்தருக்கு ஒருத்தர் ஈடு. இரண்டு வித ஓய்வுநாள் இருந்தது எங்களுக்கு வசதியாய்ப் போயிற்று. எல்லாரும் ஒரே நாளைக் கேட்டிருந்தால்தான் கஷ்டப்பட்டிருப்போம்.

உங்கள் வீட்டுக்கும் நான் சொல்வது இதே கணக்குதான். இப்போது நடப்பதைப் பாருங்கள். சனிக்கிழமை உங்கள் வீட்டுக்காரர் ஓய்ந்திருக்கிறார். சாப்பாடு, பையனின் துணி, பாத்திரம் எல்லாம் உங்கள் தலையில். "நான் ஆசரிக்கிறேன், அவள் ஆசரிக்கவில்லை, அதனால் அவள் செய்யலாம்" என்பது அவர் மனதில் இருக்கும் நியாயம். வாய்விட்டுச் சொல்லியிருக்கமாட்டார். ஞாயிறு உங்கள் நாள். அன்றைக்கும் பத்துப்பேருக்குப் பிரியாணி, பருப்பு, தயிர்ப் பச்சடி. நாலாவது கட்டளையில் மனைவி என்ற சொல் இல்லை, கவனித்தீர்களா? மகன், மகள், வேலைக்காரி, மாடுவரை சொல்லி மனைவியை விட்டிருக்கிறது. "நீ" என்பதற்குள் மனைவியும் அடக்கம் என்று வேத பண்டிதர்கள் சிலர் விளக்குவார்கள். உங்கள் வீட்டில் அந்த அர்த்தத்தில் யாரும் வாசிக்கவில்லை என்று தெரிகிறது. இரண்டு ஓய்வுநாள் உள்ள வீட்டில் ஓய்வே இல்லாத ஒரே ஆள் நீங்கள்.

ஆகவே உங்கள் வீட்டுக்காரரிடம் சனியா ஞாயிறா என்று வாதாடாதீர்கள். "உங்கள் சனிக்கிழமையை நான் காப்பாற்றித் தருகிறேன், என் ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் காப்பாற்றித் தாருங்கள்" என்று கேளுங்கள். அவருடைய சபை வழக்கப்படியே வெள்ளிக்கிழமை ஆயத்தநாள். ஆயத்தம் ஆண்பிள்ளைக்கும் உண்டு. டர்பனில் ஜூன் மாதம் ஐந்து மணி சுமாருக்கே பொழுது சாய்ந்துவிடும், டிசம்பரில் ஏழை நெருங்கும். குளிர்காலத்தில் அவர் வேலையிலிருந்து வரும்போதே ஓய்வுநாள் தொடங்கியிருக்கும். அதனால் வியாழக்கிழமை ராத்திரியே அவர் கடைச் சாமான் வாங்கி, துணி துவைத்து, இஸ்திரி போட்டு வைக்கட்டும். வெள்ளிக்கிழமை காலையில் பீன்ஸ் கறி ஒரு பானை வைத்துவிட்டால் சனி மத்தியானம்வரை ரொட்டியோடும் சோற்றோடும் ஓடும். பீன்ஸ் கறி மறுநாள்தான் ருசி என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. சனிக்கிழமை சூடுபண்ணுவதோடு உங்கள் அடுப்புவேலை முடிந்தது. பாத்திரம் சூரியன் சாய்கிறவரை தொட்டியில் கிடக்கட்டும், ஒன்றும் குடிமுழுகாது.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி அவருடையது. அவர் சனிக்கிழமை ஓய்ந்த ஆள், ஞாயிறு அவருக்கு வாரத்தின் முதல் வேலைநாள். அவருடைய உபதேசப்படியே அன்றைக்கு வேலை செய்யத் தடை இல்லை. இதை அவருடைய பாஸ்டர்கூட மறுக்கமுடியாது. ஆனால் நண்டுக்கறி மட்டும் அவரிடம் எதிர்பார்க்காதீர்கள். லேவியராகமக் கணக்குப்படி அவர்கள் சபையில் நண்டு, இறால், பன்றி மூன்றும் விலக்கு. டர்பன் தமிழன் நண்டுக்கறியை விட்டான் என்றால் அந்த மனுஷனின் விசுவாசம் உண்மை என்று எனக்குச் சந்தேகமில்லை.

மற்றவர்களைப் பற்றிக் கொஞ்சம். உங்கள் நாத்தனார் சனி சாயங்காலப் பூசைக்குப் போய்விட்டு ஞாயிறு வீட்டில் இருந்தால் அது சோம்பேறித்தனம் என்று மாமியார் பேசுவதாக எழுதியிருந்தீர்கள். கத்தோலிக்கச் சட்டப்படி முந்தினநாள் சாயங்காலப் பூசை ஞாயிறுக் கடனுக்குச் சேரும். யூத முறையில் நாள் சாயங்காலத்தில்தானே தொடங்குகிறது. சொல்லப்போனால் இந்த ஒரு விஷயத்தில் நாத்தனாரும் உங்கள் வீட்டுக்காரரும் ஒரே பக்கம். பெந்தெகொஸ்தே ஜனங்களுக்கு ஞாயிறு ஓய்வுநாள் என்ற எண்ணமே அவ்வளவாகக் கிடையாது, அது ஆராதனை நாள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, நடுவில் வீடு சந்திப்பு என்று ஓடி, திங்கட்கிழமை அசந்துபோய் எழுந்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் கோயிலில் ஆராதனை முடிந்ததும் பாதி ஜனம் மாலுக்குத்தான் போகிறது, சாப்பிட. அங்கே தட்டு எடுத்துவைக்கிற பெண்பிள்ளையும் ஏதோ ஒரு சபைக்காரிதான். நானும் போவேன். இப்போது குறைத்திருக்கிறேன், முழுக்க விடவில்லை.

பையனுக்கு ஒன்பது வயது என்கிறீர்கள். சனிக்கிழமை அப்பாவோடு ஓய்வுநாள் பள்ளி, ஞாயிறு உங்களோடு சண்டே ஸ்கூல், சாயங்காலம் பாட்டியோடு இன்னொரு ஆராதனை. அந்தப் பிள்ளைக்கு மூன்று சபையின் பாரமும் சேர்ந்து விழுகிறது, மூன்றில் எந்தச் சபையின் ஓய்வும் கிடைக்கவில்லை. பாட்டியின் சாயங்கால ஆராதனையை முதலில் நிறுத்துங்கள். அதை நீங்கள் சொல்லாமல் உங்கள் வீட்டுக்காரர் தன் அம்மாவிடம் சொல்லவேண்டும். சனிக்கிழமை மேட்சைப் பொறுத்தவரை நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கம் சாய்கிறேன். உங்களுக்கு அது பிடிக்காமல் இருக்கலாம். இந்த நாட்டில் பள்ளிக்கூட விளையாட்டு சனிக்கிழமை காலையில்தான், அது தெரிந்தே சொல்கிறேன். அப்பா தன் வேலையைப் பணயம் வைத்துக் காக்கிற ஒரு நாளை, பிள்ளை ஆட்டத்துக்காகத் தாண்டிப்போவதைப் பார்த்தால் அவருக்கு உள்ளே ஏதோ உடையும். வார நாட்களில் நடக்கிற பயிற்சிக்கும் மேட்சுக்கும் தாராளமாய் அனுப்புங்கள். ஆனால் சனிக்கிழமை பையனுக்குத் தண்டனை நாளாகிவிடக்கூடாது. ஓய்வுநாளில் கடற்கரையில் நடப்பது, காட்டுப் பாதையில் பறவை பார்ப்பது இவற்றை அட்வெந்து குடும்பங்கள் சந்தோஷமாகச் செய்வார்கள். உம்லாங்கா பக்கம் அதற்கு இடமா இல்லை? பையன் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தானே கேள்வி கேட்பான். அப்போது அவனோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

வேலை விஷயம். இங்கே சட்டம் உங்கள் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது, அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1997ஆம் ஆண்டு வேலை நிபந்தனைச் சட்டப்படி வாரத்துக்கு 36 மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓய்வு தரவேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அதில் ஞாயிறு அடங்கவேண்டும். வழக்கமாய் ஞாயிறு வேலை செய்யாதவரை அன்றைக்கு வரச்சொன்னால் இரட்டைச் சம்பளம், வழக்கமாய்ச் செய்கிறவருக்கு ஒன்றரை மடங்கு. மூத்த மேலாளர்களுக்கும் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தாது. இந்தச் சட்டத்தின் சாய்வு ஞாயிறு பக்கம்தான் என்று சனிக்கிழமைக்காரர்கள் வருத்தப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அதே 1997இல் ஞாயிறு சாராயம் விற்கத் தடை செய்வது மத சுதந்திரத்துக்கு விரோதமா என்ற வழக்கு அரசியல் சாசன நீதிமன்றத்துக்கே போயிற்று. பெரும்பான்மை நீதிபதிகள் தடை செல்லும் என்றார்கள்.

ஆனால் அந்த இரட்டைச் சம்பளம் உங்களுக்கு வேறு வகையில் உதவும். சனிக்குப் பதில் ஞாயிறு வருகிறேன் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால், "ஞாயிறுக்கு உனக்கு அதிகம் தரவேண்டுமே" என்பதுதான் முதலாளியின் முதல் தயக்கம். அதை முன்கூட்டியே யோசித்து, வார நாட்களில் கூடுதல் நேரம், சரக்குக் கணக்கை வெள்ளிக்கு மாற்றுவது என்று இரண்டு மூன்று வழியோடு போகவேண்டும். எழுத்தில் கேட்கவேண்டும், வாய்ப்பேச்சாய் வேண்டாம். சபையிலிருந்து ஒரு கடிதமும் வாங்கி வைக்கட்டும்.

அதற்கும் மேலே போனால்: சனிக்கிழமை சரக்குக் கணக்கெடுக்க வரமறுத்த அட்வெந்து சபைப் பெண் ஒருவரை ஒரு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கிய வழக்கு தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போயிற்று. அந்த நீக்கம் மத அடிப்படையிலான பாகுபாடு, தானாகவே அநியாய நீக்கமாகும் என்று 2018இல் தீர்ப்பு வந்தது. அவர் சனிக்கிழமை வந்தே தீரவேண்டும் என்பது அந்த வேலைக்கு அத்தியாவசியம் என்று நிறுவனத்தால் காட்டமுடியவில்லை. வேலையே சனிக்கிழமையில்தான் இருக்கிறது என்று முதலாளி காட்டிவிட்டால் கதை வேறாகும், அதையும் மறக்கவேண்டாம். நீக்கம் என்று வந்துவிட்டால் முப்பது நாளுக்குள் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சமரச ஆணையத்துக்கு (CCMA) போகவேண்டும். அந்த அளவுக்குப் போகாது என்று நினைக்கிறேன். கேட்கிற விதத்தில் கேட்டால் பெரும்பாலான முதலாளிகள் மாற்றிக்கொடுப்பார்கள். நான் கொடுக்காத முதலாளிகளில் ஒருவனாய் இருந்தவன், அதனால் தெரியும்: எனக்கு அன்றைக்கு யோசிக்கச் சோம்பல், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று பாக்கி. உங்கள் வீட்டுக்காரர் சபை நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, ஞாயிறு ஆசரிக்கிறவர்கள் வெளிப்படுத்தல் புத்தகத்தில் சொல்லும் மிருகத்தின் முத்திரை வாங்கினவர்கள் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சபையின் போதனையை விவரமாய்ப் படித்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். அவர்கள் உபதேசத்தில் அது வரப்போகிற ஒரு காலத்தைப் பற்றியது. இன்றைக்கு மனச்சாட்சிப்படி ஞாயிறு ஆசரிக்கிறவர்கள்மேல் அந்த முத்திரையை அவர்கள் குத்துவதில்லை. பதிலுக்கு உங்கள் மாமியார் அவரை "நியாயப்பிரமாணத்துக்கு அடிமை" என்று சொன்னதும் சரியில்லை. ரோமர் 14ஆம் அதிகாரத்தில் பவுல் நாட்களைப் பற்றிச் சொல்லும்போது அவனவன் தன் மனதில் முழு நிச்சயத்தோடு இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார். அந்த நாட்கள் பண்டிகை நாட்கள் மட்டும், வாராந்தர ஓய்வுநாள் அதில் சேராது என்று அட்வெந்து போதகர்கள் விளக்குவார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஆனால் அதே அதிகாரம், சகோதரனை ஏன் குற்றவாளி என்று தீர்க்கிறாய் என்று கேட்பது நாட்களுக்கு மட்டுமல்லவே, எல்லாவற்றுக்கும்தானே. அடுத்த முறை அந்த நண்பர் வந்தால் சனிக்கிழமை பாத்திரம் அவர் வீட்டில் யார் கழுவுகிறார்கள் என்று மெதுவாகக் கேட்டுப்பாருங்கள்.

முதல் ஞாயிறு உங்கள் வீட்டுக்காரர் ஆக்குகிற பிரியாணியில் மசூர்ப் பருப்பு குழைந்திருக்கும், உப்பு ஏறுக்குமாறாய் இருக்கும். மாமியார் ஏதாவது சொல்வார். நீங்கள் எழுந்து அடுக்களைக்குள் போகக் கால் பரபரக்கும். போகாதீர்கள், உட்கார்ந்தே இருங்கள்.